எலியும் எலிசாவும்: கொறித்துண்ணிகளைக் கொண்டு ஹார்மோன் ஆய்வு செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

பல ஆண்டுகளுக்கு முன் பன்னிரண்டு சுண்டெலிகளிடமிருந்து ரத்தம் எடுத்து, அதில் கார்டிகோஸ்டீரோன் என்ற அழுத்த ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தேன். எல்லாம் ஒரே இனவழி, ஒரே வயது, ஒரே தீவனம். ஆறுக்கு மருந்து, ஆறுக்கு வெறும் உப்புநீர். முடிவை வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் மருந்துக்கும் உப்புநீருக்கும் வித்தியாசமே இல்லை. புள்ளிகள் மட்டும் ஏணி சாத்தி வைத்ததுபோல் ஏறிக்கொண்டே போயின. முதலில் எடுத்த எலிக்கு மிகக் குறைவு. கடைசி எலிக்கு அதைப்போல் பல மடங்கு. காரணத்தைச் சொன்னவர் விலங்குக் கூடத்தைப் பராமரித்த பெரியவர். "முதல் கூண்டை நீங்கள் இழுத்த சத்தத்திலேயே மற்றவை எல்லாம் மூலைக்கு ஓடிவிடுகின்றன, தம்பி. கடைசிக் கூண்டுக்கு நீங்கள் வருவதற்குள் அவை அரை மணி நேரமாகப் பயந்துகொண்டிருக்கின்றன."

மருந்தின் விளைவை அளப்பதாக நினைத்துக்கொண்டு என் வருகையை அளந்திருக்கிறேன். எலியின் ஹார்மோன்கள் வெளிச்சம், சூடு, வாசனை, சத்தம், பக்கத்துக் கூண்டு, உங்கள் கை என எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். உங்கள் கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வைப்பதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி. ஊசியும் குழாயும் வருவதற்கு முன்பே முக்கால்வாசி வேலை முடிந்திருக்க வேண்டும். இந்த வழிகாட்டியும் அதே விகிதத்தில்தான் நடக்கும். இதில் 'எலி' என்று தனித்துச் சொன்னால் பெரிய ஆய்வக எலி வகைகளையும், 'சுண்டெலி' என்றால் இருபது, முப்பது கிராம் எடையுள்ள சிறியதையும் குறிக்கிறேன். தலைப்பில் உள்ள 'எலிசா', எதிர்ப்பொருளைக் கொண்டு ஹார்மோனை அளக்கும் சோதனை.

படி 1: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

இந்தத் துறையின் தருக்கம் எலியில் தொடங்கவில்லை, சேவலில் தொடங்கியது. 1849-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆர்னால்டு பெர்தோல்டு என்பவர் இளம் சேவல்களின் விரைகளை அகற்றினார். கொண்டை சுருங்கியது, கூவலும் சண்டையும் நின்றன. வேறு சில சேவல்களுக்கு அகற்றிய விரையை வயிற்றுக்குள் வைத்துத் தைத்தார். அவை வழக்கமான சேவல்களாகவே வளர்ந்தன. நரம்புத் தொடர்பு அறுந்த பிறகும் செய்தி போய்ச் சேருகிறது என்றால், அது ரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும். 'ஹார்மோன்' என்ற சொல்லை எர்னஸ்ட் ஸ்டார்லிங் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின், 1905-இல்.

அகற்று, திருப்பிக் கொடு, தடு, அள. இன்றைக்கும் இந்த நான்கு வினைகளுக்குள்தான் சுற்றுகிறோம். உங்கள் கேள்வி இவற்றில் எதைக் கேட்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அளப்பதோடு நிறுத்தினால் இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடப்பது தெரியும். எது எதனால் என்பது தெரியாது. "மன அழுத்தம் உள்ள எலிகளில் டெஸ்டோஸ்டிரோன் குறைவு" என்பது ஒரு கவனிப்பு. "விரை அகற்றிய எலிக்கு நிலையான அளவில் டெஸ்டோஸ்டிரோனைக் கொடுத்துவைத்தால், அழுத்தம் தந்தாலும் அந்த நடத்தை மாறாமல் நிற்கிறதா?" என்பது கேள்வி. ஒரு வாக்கியத்தில் எழுத வரவில்லை என்றால் கூண்டு வாங்கக் கிளம்பாதீர்கள்.

படி 2: எலி எந்த இடத்தில் மனிதனை விட்டு விலகுகிறது என்று பாருங்கள்

இதைத் தாவிச் செல்கிறவர்கள் அதிகம். மனிதனின் முதன்மையான அழுத்த ஹார்மோன் கார்டிசால். எலிக்கும் சுண்டெலிக்கும் அது கார்டிகோஸ்டீரோன். அவற்றின் அட்ரீனல் புறணியில் கார்டிசால் செய்யத் தேவையான 17-ஆல்ஃபா-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி இல்லை. சுண்டெலியின் ரத்தத்தில் கார்டிசால் அளந்ததாகச் சொல்லும் கட்டுரையைப் பார்த்தால் ஒரு கணம் நின்று யோசியுங்கள். அவர்கள் அளக்கப் பயன்படுத்திய சோதனைப் பெட்டியிலிருந்த எதிர்ப்பொருள் வேறு எதையோ பிடித்திருக்கக்கூடும்.

தைராய்டு ஆய்வில் இன்னொரு பள்ளம். மனிதனின் ரத்தத்தில் தைராக்சினின் அரைவாழ்வு ஏறத்தாழ ஒரு வாரம். எலியில் ஒரு நாளுக்கும் குறைவு. எனவே ஒரு மருந்து தைராக்சினைக் கொஞ்சம் வேகமாக வெளியேற்றினாலும் எலியின் தைராய்டு அலறும். மனிதனுக்கு அது உறைக்காமலே போகலாம். பாலியல் ஹார்மோன்களைப் பிடித்துவைக்கும் குளோபுலின் புரதம் வளர்ந்த எலி, சுண்டெலியின் ரத்தத்தில் ஓடுவதில்லை. ஆகவே மனிதர்களுக்குச் செய்வதுபோல் 'மொத்தம்', 'கட்டற்றது' என்று பிரித்துப் பேசும் கணக்கு இங்கே அப்படியே செல்லாது. கர்ப்பத்தில் மனிதப் பெண்ணுக்குச் சில வாரங்களில் நஞ்சுக்கொடியே புரோஜெஸ்டிரான் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். கொறித்துண்ணிகளில் கடைசிவரை சூலகத்தின் மஞ்சள் உடலம்தான் தாங்குகிறது. அது ஓய்ந்து புரோஜெஸ்டிரான் சரிந்த பிறகே பிரசவம். சுண்டெலிக்கு இன்சுலின் மரபணுக்கள் இரண்டு; நமக்கு ஒன்று.

இவையெல்லாம் எலி உதவாது என்பதற்கான காரணங்கள் அல்ல. பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோனின் கதையைப் பாருங்கள். 1949-இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் தானாகவே தோன்றிய ஒரு குண்டுச் சுண்டெலியிலிருந்து அது தொடங்குகிறது. பின்னர் டக்ளஸ் கோல்மன் அந்தக் குண்டுச் சுண்டெலியின் ரத்த ஓட்டத்தைச் சாதாரணச் சுண்டெலியுடன் இணைத்துத் தைத்தார். குண்டுச் சுண்டெலி தின்பதைக் குறைத்துக்கொண்டது. நீரிழிவுள்ள இன்னொரு குண்டு வகையுடன் இணைத்தபோதோ, சாப்பாட்டையே விட்டுப் பட்டினியால் இறந்தது. ஒன்றுக்குச் செய்தி அனுப்பத் தெரியவில்லை, மற்றொன்றுக்குச் செய்தியைக் கேட்கத் தெரியவில்லை என்று அவர் ஊகித்தார். 1994-இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு அந்த மரபணுவைப் பிடித்தபோது ஊகம் உறுதியானது. எலி நம்மோடு எந்த இடத்தில் ஒத்துப்போகிறது என்று தெரிந்துகொண்டு கேட்டால், இப்படிப் பதில் கிடைக்கும்.

படி 3: அனுமதி

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு சுண்டெலியைக்கூடத் தொடக்கூடாது. 1959-இல் ரஸ்ஸலும் பர்ச்சும் வகுத்த மூன்று கோட்பாடுகளை விண்ணப்பப் படிவத்தின் சடங்காகப் பார்க்காதீர்கள்: விலங்குக்கு மாற்று உண்டா, எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா, வேதனையைக் குறைக்க முடியுமா? வேதனையில் இருக்கும் எலியின் அட்ரீனல் சும்மா இருக்காது. ஆகவே வலி மேலாண்மை கருணை மட்டுமல்ல, தரவின் தரமும்கூட. அறுவை, ரத்தம் எடுத்தல், மயக்க மருந்து, எந்த நிலையில் விலங்கைத் துன்பமின்றி முடித்துவிட வேண்டும் என்பது வரை எல்லாவற்றையும் அனுபவமுள்ள கால்நடை மருத்துவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். கைவேலையை இந்த எழுத்தைப் படித்துக் கற்க முடியாது. பயிற்சி பெற்றவர் பக்கத்தில் நின்றுதான் கற்க வேண்டும்.

படி 4: விலங்கைத் தேர்ந்தெடுத்தல்

ரத்தம் நிறைய வேண்டும், அறுவை வேண்டும், பழைய நடத்தை ஆய்வுகளோடு ஒப்பிட வேண்டும் என்றால் எலி: விஸ்டார், ஸ்பிராக்-டாலி, லாங்-எவன்ஸ். மரபணுவைத் தொட வேண்டும் என்றால் பெரும்பாலும் சுண்டெலி. அதில் எல்லோரும் கை வைப்பது 'பிளாக் 6' என்று செல்லமாகச் சொல்லப்படும் சி57பிஎல்/6. இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. இதில் 'ஜே' கிளை, 'என்' கிளை என்று இரண்டு உண்டு. 'ஜே' கிளையில் என்என்டி என்ற மரபணு பழுது. அதனால் சர்க்கரை கொடுத்தால் இன்சுலின் சுரப்பு மந்தம். மரபணு மாற்றிய சுண்டெலி ஒரு கிளையிலும், ஒப்பீட்டுச் சுண்டெலி மறு கிளையிலும் இருந்தால், உங்கள் மரபணுவின் தலையில் அடுத்த மரபணுவின் குற்றம் விழும். ஒரே தாய்க்குப் பிறந்த, மாற்றமில்லாத உடன்பிறப்புகளே சரியான ஒப்பீடு.

பிளாக் 6 சுண்டெலிகளின் பினியல் சுரப்பியில் மெலடோனின் உற்பத்தி இல்லை என்றே சொல்லிவிடலாம். மெலடோனினைப் பற்றி ஆராய வேண்டுமானால் சி3எச் போன்ற இனவழியைத் தேடுங்கள். ஈஸ்ட்ரோஜனுக்குப் பதில் தருவதிலும் இனவழிகள் மலைக்கும் மடுவுக்கும் போல வேறுபடுகின்றன. நச்சியல் சோதனைகளில் பெரிதும் புழங்கும் சிடி-1 சுண்டெலி, பிளாக் 6 அசைந்துபோகும் அளவு ஈஸ்ட்ரடையாலை (முதன்மையான ஈஸ்ட்ரோஜன்) கொடுத்தாலும் அலட்சியமாக இருக்கும் என்று 1999-இல் ஸ்பியரோ குழு காட்டியது. 'சுண்டெலிக்குப் பாதிப்பில்லை' என்று ஓர் அறிக்கை சொன்னால், எந்தச் சுண்டெலி என்று கேட்பதற்கு இது ஒன்றே போதும்.

பாலினம்: இரண்டையும் எடுங்கள். பெண் விலங்குக்குச் சினைச்சுழற்சி இருப்பதால் தரவு சிதறும் என்று சொல்லி ஆணை மட்டும் வைத்துக் காலம் தள்ளியது இந்தத் துறையின் பழைய சோம்பல். 2014-இல் பிரெண்டர்காஸ்ட் குழு 293 கட்டுரைகளின் தரவைத் தொகுத்துப் பார்த்தபோது, சுழற்சியைக் கணக்கில் எடுக்காமலேயே பெண் சுண்டெலிகளின் சிதறல் ஆண்களைவிட அதிகமில்லை என்று தெரிந்தது. ஆண்களின் டெஸ்டோஸ்டிரோனை அளந்து பார்த்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. துடிப்புத் துடிப்பாகச் சுரக்கும் அந்த ஹார்மோன், ஒரே கூண்டின் இரண்டு அண்ணன் தம்பிகளில் ஒன்றுக்கு மற்றதைவிடப் பத்து மடங்கு இருக்கும். அதில் யார் ரவுடி என்பதும் சேர்ந்திருக்கும்.

படி 5: வீட்டை ஒழுங்கு செய்தல்

1998-இல் பாட்ரிசியா ஹன்ட் என்ற மரபியலாளரின் சுண்டெலிகளில் திடீரென்று ஏதோ கெட்டுப்போனது. ஆய்வில் எதுவும் செய்யப்படாத ஒப்பீட்டுச் சுண்டெலிகளின் முட்டை செல்களில் நிறமூர்த்தக் கோளாறு ஒன்றிரண்டு சதவீதத்திலிருந்து நாற்பது சதவீதத்துக்குத் தாவியது. வாரக்கணக்கில் தேடியபின் காரணம் கிடைத்தது: கூண்டுகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் யாரோ தரை கழுவும் கார சோப்பைக் கொண்டு கழுவியிருக்கிறார்கள். பாலிகார்பனேட் பிளாஸ்டிக் அரித்து, அதிலிருந்து பிஸ்ஃபீனால்-ஏ கசிந்திருக்கிறது. ஈஸ்ட்ரோஜனைப் போல நடிக்கும் பொருள் அது. ஹார்மோன் ஆய்வகத்தில் கூண்டு கழுவுபவரும் ஆய்வாளர்தான் என்பதை எனக்கு இதைவிட நன்றாக விளக்கிய கதை இல்லை.

ஆகவே பட்டியல் போடுங்கள். தீவனத்தில் சோயா இருந்தால் தாவர ஈஸ்ட்ரோஜன் இருக்கும். பாலியல் ஹார்மோன் ஆய்வுக்கு அது இல்லாத தீவனமாகக் கேட்டு வாங்குங்கள். தீவனத்தின் தொகுதி எண்ணைக் குறித்துவையுங்கள். கூண்டில் பரப்பும் மக்காச்சோளத் தண்டுத் துகளிலும் பாலியல் சுழற்சியைக் கெடுக்கும் பொருள்கள் உண்டு; மரச்சீவலோ காகிதமோ பாதுகாப்பு. வெளிச்சம் பன்னிரண்டு மணி, இருட்டு பன்னிரண்டு மணி. இருட்டு என்றால் முழு இருட்டு. தொடர்ந்து வெளிச்சத்தில் வைத்தால் பெண் எலியின் சுழற்சி ஈஸ்ட்ரஸ் கட்டத்திலேயே, அதாவது இணைசேரத் தயாராகும் கட்டத்திலேயே, மாட்டிக்கொள்ளும். கதவிடுக்கு வழியே நுழையும் வராந்தா விளக்கையும், சார்ஜரில் மினுக்கும் சிறு விளக்கையும் ஒருமுறை இரவில் போய் நின்று பாருங்கள்.

வெப்பநிலை இன்னும் நுட்பமானது. ஆய்வகங்கள் பெரும்பாலும் 20 முதல் 24 டிகிரி செல்சியஸில் இருக்கும். அது நமக்குச் சுகம். உடல் சூட்டைக் காக்கத் தனியாக ஆற்றலைச் செலவழிக்காமல் இருக்கச் சுண்டெலிக்கு ஏறத்தாழ 30 டிகிரி வேண்டும். அதாவது நம் சுண்டெலிகள் எல்லாம் வாழ்நாள் முழுவதும் லேசாகக் குளிரில் நடுங்கியபடி, தைராய்டையும் பழுப்புக் கொழுப்பையும் எரித்துக்கொண்டிருக்கின்றன. உடல்பருமன் ஆய்வு செய்கிறவர்கள் இதை மறந்தால் பாதி விடை பிழை. கூடு கட்டப் போதுமான பொருள் கொடுத்தால் நிலைமை பெரிதும் சீராகும்.

"எலி வளையானாலும் தனி வளை" என்று சொல்வார்கள். பழமொழி சொன்னவர் சுண்டெலியைக் கேட்டிருக்க மாட்டார். பெண் சுண்டெலியைத் தனியாக வைத்தால் அழுத்தம். கூட்டமாக, ஆண் வாசனையே இல்லாமல் வைத்தால் சுழற்சி நின்றுபோகும். அது லீ-பூட் விளைவு. அந்தக் கூட்டத்துக்கு ஆணின் சிறுநீர் பட்ட துகளைக் கொஞ்சம் கொடுத்தால் மூன்றாம் இரவில் பல பெண்கள் ஒருசேர ஈஸ்ட்ரஸுக்கு வந்துவிடும். அது விட்டன் விளைவு. சுழற்சியை ஒத்திசைக்க இதைவிட மலிவான வழி இல்லை. புதிதாகக் கருத்தரித்த பெண்ணின் பக்கத்தில் அன்னிய ஆணை வைத்தால் கர்ப்பமே கலையலாம். அது 1959-இல் ஹில்டா புரூஸ் காட்டியது. அறையில் யார் யாருக்குக் காற்று வீசும் திசையில் இருக்கிறார்கள் என்பது ஹார்மோன் ஆய்வில் ஒரு மாறி.

படி 6: உங்களுக்கு அவற்றைப் பழக்குதல்

வாலைப் பிடித்துத் தூக்குவதை நிறுத்துங்கள். ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கூண்டில் போட்டு, சுண்டெலி அதில் நுழைந்ததும் குழாயோடு தூக்குவது, அல்லது இரு கையையும் குவித்து அள்ளுவது பதற்றத்தைக் கணிசமாகக் குறைக்கிறது என்று ஹர்ஸ்டும் வெஸ்டும் 2010-இல் காட்டினார்கள். ஆண் ஆய்வாளரின் வாசனை, அவர் போட்டிருந்த சட்டையின் வாசனைகூட, கார்டிகோஸ்டீரோனை ஏற்றுகிறது என்றது 2014-இல் வந்த இன்னோர் ஆய்வு. பெண்கள் மட்டும் வேலை செய்ய வேண்டும் என்பதல்ல. எந்தக் கூண்டை யார் கையாண்டார் என்று குறித்துவைத்து, ஒருவரே இரண்டு குழுக்களையும் கையாள வேண்டும் என்பதுதான்.

விலங்கு புதிதாக வந்து இறங்கினால் குறைந்தது ஒரு வாரம் தொடாதீர்கள். அதன்பின் ஒரு வாரம், ஆய்வில் நடக்கப்போவதை எல்லாம் நடித்துக் காட்டுங்கள்: தூக்குவது, எடை போடுவது, பிடித்துவைப்பது, ஊசிக்குப் பதில் விரலால் தொடுவது. இந்த வாரத்தை வெட்டிச் செலவு என்று நினைக்கும் மேற்பார்வையாளர்கள் உண்டு. அவர்களுக்கு என் ஏணி வரைபடத்தைக் காட்டுவேன்.

படி 7: சினைச்சுழற்சியைப் படித்தல்

எலிக்கும் சுண்டெலிக்கும் சுழற்சி நான்கைந்து நாள்களில் முடியும். நுண்நோக்கி ஒன்று இருந்தால் போதும். 1917-இல் ஸ்டாக்கார்டும் பாபநிக்கோலாவும் கினிப்பன்றியில் இந்த வழியைக் கண்டார்கள். பெண்களுக்கு இன்று செய்யப்படும் 'பாப்' சோதனையில் இருப்பது அந்தப் பாபநிக்கோலாவின் பெயர்தான்.

தினமும் காலையில் ஒரே நேரத்தில் செய்யுங்கள். உப்புநீரில் இருபது முதல் ஐம்பது மைக்ரோலிட்டர் வரை பிப்பெட்டில் எடுத்து, யோனி வாயில் முனையை வைத்து மெதுவாக உள்ளே விட்டு, திரும்ப இழுங்கள். ஆழமாக நுழைக்காதீர்கள். கருப்பை வாய் தூண்டப்பட்டால் விலங்கின் உடல் இணைசேர்ந்ததாக நினைத்துப் பொய்க் கர்ப்பத்துக்குப் போய்விடும். இரண்டு வாரம் வீண். துளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, காயவிட்டு, கிரிஸ்டல் வயலட் போட்டுப் பாருங்கள்.

வட்டமான, நடுவே உட்கரு பளிச்சென்று தெரியும் செல்கள் கொத்துக் கொத்தாக இருந்தால் புரோஈஸ்ட்ரஸ். உட்கரு இழந்து, விளிம்பு மடங்கி, காய்ந்த சருகுபோல் குவிந்திருந்தால் ஈஸ்ட்ரஸ். சருகுகளுக்கு இடையே சின்னச் சின்னப் புள்ளிகளாக வெள்ளணுக்கள் நுழைந்திருந்தால் மெட்ஈஸ்ட்ரஸ். தகடு முழுக்க மிளகுப் பொடி தூவியதுபோல் வெள்ளணு மட்டுமே என்றால் டைஈஸ்ட்ரஸ். ஒரு தகட்டை வைத்து முடிவு சொல்லாதீர்கள். நேற்றையதையும் நாளையதையும் பக்கத்தில் வைத்தால்தான் அது பேசும். தொடர்ந்து இரண்டு சுழற்சிகள் ஒழுங்காக வந்த விலங்கையே ஆய்வுக்கு எடுங்கள்.

புரோஈஸ்ட்ரஸ் நாள் தனிக் கவனத்துக்குரியது. காலையில் ஈஸ்ட்ரடையால் உச்சத்தை நோக்கி ஏறும். விளக்கு அணைவதை ஒட்டிய சில மணி நேரத்தில் சூல் வெளியேறத் தூண்டும் எல்எச் என்ற ஹார்மோனின் அலை பொங்கும். காலை பத்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஒரே எலி இரண்டு வேறு எலிகள். கட்டுரைகளில் "புரோஈஸ்ட்ரஸ் விலங்குகள்" என்று மட்டும் எழுதி மணியைச் சொல்லாமல் விடுவது, ரயில் வரும் தேதியை மட்டும் சொல்லி நேரத்தை விட்டுவிடுவது போல.

படி 8: அகற்றுதல், திருப்பிக் கொடுத்தல்

சூலகம் அல்லது விரையை அகற்றியபின் பழைய ஹார்மோனின் தடம் அழிய ஒன்று முதல் இரண்டு வாரம் விடுவது வழக்கம். ஒப்பீட்டுக் குழுவுக்குப் போலி அறுவை கட்டாயம்: அதே மயக்கம், அதே வெட்டு, அதே தையல், சுரப்பி மட்டும் உள்ளேயே இருக்கும். அட்ரீனலை அகற்றினால் ஆல்டோஸ்டிரோனும் போய்விடும். உப்பைப் பிடித்துவைக்க ஆளில்லை. எனவே தண்ணீர்ப் புட்டியோடு 0.9 சதவீத உப்புநீர்ப் புட்டியும் வையுங்கள்; மறந்தால் சில நாள்களில் விலங்கு இறக்கும். தைராய்டை அறுத்தெடுத்தால் பாராதைராய்டும் கூடவே வந்து கால்சியம் சரியும். அதனால் பலர் குடிநீரில் மெதிமசோல் கலந்து தைராய்டை ஓய வைக்கிறார்கள்.

திருப்பிக் கொடுக்கும்போது அளவுதான் எல்லாம். ஸ்டீராய்டுகளை எள்ளெண்ணெயில் கரைத்து ஊசி போடலாம். அது ஏறி இறங்கும் அலை. சிலிகான் குழாயில் அடைத்துத் தோலுக்கடியில் வைக்கலாம். அது தட்டையான கோடு. இயல்பான பெண் எலியில் ஈஸ்ட்ரடையால் அலையாகத்தான் வருகிறது என்பதால், எது உங்கள் கேள்விக்குப் பொருந்தும் என்று யோசியுங்கள். கடையில் கிடைக்கும் சில வில்லைகள் முதல் நாள்களில் இயல்பைவிடப் பல மடங்கு கொட்டிவிடும். வைத்த பிறகு ரத்தத்தில் எவ்வளவு வந்தது என்று அளக்காமல் 'உடலியல் அளவு' என்று எழுதுவது பொய்க்குப் பக்கத்தில் போகிறது.

இன்னொன்று: கொறித்துண்ணிகளின் மூளையில் டெஸ்டோஸ்டிரோன் ஈஸ்ட்ரடையாலாக மாறுகிறது, ஆண் நடத்தையின் பெரும்பகுதி அந்த வழியாகவே அமைகிறது. டெஸ்டோஸ்டிரோன் கொடுத்து நடத்தை திரும்பியது என்றால் ஆண்ட்ரோஜன் ஏற்பியால்தான் (ஆண் ஹார்மோனைப் பிடிக்கும் புரதம்) என்று சொல்ல முடியாது. ஈஸ்ட்ரடையாலாக மாற முடியாத டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் கொடுத்த குழு ஒன்றும், ஈஸ்ட்ரடையால் மட்டும் கொடுத்த குழு ஒன்றும் இருந்தால்தான் அந்த முடிச்சு அவிழும்.

படி 9: ரத்தம் எடுத்தல்

கூண்டைத் தொட்ட நொடியிலிருந்து கடிகாரம் ஓடுகிறது. கார்டிகோஸ்டீரோன் ஏறத் தொடங்க ஏறத்தாழ மூன்று நிமிடம். உச்சத்துக்கு அரை மணி நேரம். அதனால் ஓய்வுநிலை அளவு வேண்டுமானால் கூண்டைத் தொட்ட மூன்று நிமிடத்துக்குள் ரத்தம் குழாயில் இருக்க வேண்டும். எடுக்கும் அறை வேறு, கூண்டு இருக்கும் அறை வேறு. ஒரு கூண்டில் நான்கு சுண்டெலி என்றால் நான்கையும் ஒரே மூச்சில் இரண்டு பேர் எடுங்கள், அல்லது எத்தனையாவது என்று குறித்துக் கணக்கில் சேருங்கள். வரிசையைக் குலுக்கல் போட்டுத் தீர்மானியுங்கள். முதல் நாள் ஒப்பீட்டுக் குழு, மறுநாள் மருந்துக் குழு என்று வைத்தால் எல்லாம் பாழ்.

நேரமும் முக்கியம். இரவில் நடமாடும் விலங்கு இது. கார்டிகோஸ்டீரோன் நாளின் உச்சம் விளக்கு அணையும் வேளையில் வரும், அடிமட்டம் விளக்கு எரியத் தொடங்கும் காலையில். ஆகவே சுவர்க் கடிகார மணியைவிட, விளக்கு எரிந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று எழுதுங்கள்.

அளவைக் கணக்குப் போடுங்கள். 25 கிராம் சுண்டெலியின் உடலில் ஓடும் ரத்தம் இரண்டு மில்லிலிட்டருக்கும் குறைவு. உயிரோடு வைத்து ஒருமுறை எடுக்கத்தக்கது அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.18 மில்லிலிட்டர் போல. அதில் பாதிதான் பிளாஸ்மா. எண்பது, தொண்ணூறு மைக்ரோலிட்டரில் நான்கு ஹார்மோன் அளக்கத் திட்டமிடுகிறவர்கள் பெட்டியின் குறிப்பேட்டைப் படிக்காதவர்கள். அடுத்த முறை எடுக்க இரண்டு வாரம் காத்திருங்கள். அவ்வளவு பொறுமை இல்லாத கேள்வி என்றால் புழுக்கையில் கார்டிகோஸ்டீரோன் சிதைபொருள்களை அளக்கும் வழி இருக்கிறது, ஊசியே தேவையில்லை. சில மணி நேரத்தின் சராசரியை அது தருகிறது, நொடியைத் தராது.

மயக்க மருந்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். கெட்டமின்-சைலசின் கலவை இன்சுலின் சுரப்பை அமுக்கி ரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும். ஐசோஃப்ளுரேனும் சர்க்கரையில் கை வைக்கும். ஏசிடிஎச் (அட்ரீனலைத் தூண்டும் ஹார்மோன்) போன்ற பெப்டைடுகளுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ இட்ட குழாய், பனிக்கட்டி, குளிர்ந்த மையவிலக்கி. அவை அறைச் சூட்டில் சிதையும். சிவப்பணு உடைந்து பிளாஸ்மா செந்நிறமானால் இன்சுலின் அளவு குறைவாகக் காட்டும், உடைந்த அணுக்களின் நொதி இன்சுலினைத் தின்பதால். அப்படி நிறம் மாறிய குழாய்களை அன்றைக்கே குறியுங்கள், உறைந்தபின் நினைவிருக்காது. பிளாஸ்மாவைச் சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரே குழாயை மூன்று முறை உருக்கி உறைய வைப்பதைவிட மூன்று குழாய் வாங்குவது மலிவு.

படி 10: அளவிடல்

ஹார்மோனை எதிர்ப்பொருளால் அளக்கும் வழியைத் திறந்தவர்கள் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும். கதிரியக்க இன்சுலினைக் கொண்டு செய்தார்கள். 1977-இல் யாலோவுக்கு நோபல் கிடைத்தபோது பெர்சன் உயிரோடு இல்லை. இன்று நாம் புழங்கும் எலிசா அதன் வாரிசு. கதிரியக்கத்துக்குப் பதிலாக நிறம். சிறிய ஸ்டீராய்டுகளுக்கான எலிசா போட்டி முறையில் நடக்கிறது: மாதிரியில் ஹார்மோன் அதிகமானால் நிறம் குறையும். புதிதாக வருகிறவர்கள் வரைபடத்தைத் தலைகீழாகப் படிப்பது ஆண்டுக்கு ஒரு முறையாவது நடக்கிறது.

பெட்டி வந்ததும் உங்கள் மாதிரிகளைப் போடாதீர்கள். முதலில் பெட்டியைச் சோதியுங்கள். ஒரு பிளாஸ்மாவை இரண்டு, நான்கு, எட்டு மடங்கு நீர்த்து அளங்கள். அந்தக் கோடு அளவீட்டுக் கோட்டுக்கு இணையாகப் போக வேண்டும். தெரிந்த அளவு ஹார்மோனைச் சேர்த்து அளங்கள். சேர்த்தது திரும்பக் கிடைக்க வேண்டும். மூன்றாவது சோதனைதான் எனக்குப் பிடித்தது: சூலகம் அகற்றிய சுண்டெலியின் பிளாஸ்மாவையும் புரோஈஸ்ட்ரஸ் சுண்டெலியின் பிளாஸ்மாவையும் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் போடுங்கள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினால் அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். ஈஸ்ட்ரடையாலில் இது அடிக்கடி நடக்கும். சுண்டெலியின் டைஈஸ்ட்ரஸ் அளவு மில்லிலிட்டருக்குச் சில பிகோகிராம் மட்டுமே. பல பெட்டிகளுக்கு அவ்வளவு சன்னமாகக் காது கேட்காது. அங்கே, மூலக்கூறுகளை அவற்றின் நிறையால் பிரித்தறியும் நிறை நிறமாலையியல் வசதி உள்ள ஆய்வகத்தை நாடுவதே நேர்மை.

எலிசாத் தட்டில் எல்லாக் குழுக்களும் கலந்து இருக்கட்டும். ஒவ்வொரு மாதிரியும் இரண்டு குழிகளில். இரண்டு குழிக்கும் இடையிலான வேறுபாடு பத்து சதவீதத்துக்குள், தட்டுக்குத் தட்டு பதினைந்துக்குள் இருப்பது பொதுவான எதிர்பார்ப்பு. ஒரு பொதுப் பிளாஸ்மாவைச் சேமித்துவைத்து எல்லாத் தட்டிலும் போடுங்கள். தட்டு தவறினால் அது காட்டிக்கொடுக்கும்.

கூடவே ஒரு தராசையும் நம்புங்கள். ரத்தத் துளி அந்த நொடியைச் சொல்கிறது. உறுப்பு கடந்த பல நாள்களைச் சொல்கிறது. கருப்பையின் எடை ஈஸ்ட்ரோஜனின் நீண்ட கணக்கு. விந்துப்பையின் எடை ஆண்ட்ரோஜனின் கணக்கு. அட்ரீனல், தைமஸ் எடைகள் நாள்பட்ட அழுத்தத்தின் கணக்கு. எலிசாவும் எடையும் முரண்பட்டால் நான் முதலில் எலிசாவைத்தான் சந்தேகிப்பேன்.

படி 11: கணக்கும் பதிவும்

உங்கள் 'எண்ணிக்கை' எது என்று தெளிவாக இருங்கள். கர்ப்பிணித் தாய்க்கு மருந்து கொடுத்து எட்டுக் குட்டிகளை அளந்தால் எண்ணிக்கை எட்டு அல்ல, ஒன்று. மருந்து பெற்றது தாய். அந்த எட்டுக்குள்ளும் கருப்பையில் இரண்டு ஆண்களுக்கு நடுவே கிடந்த பெண் குட்டி, அவற்றின் டெஸ்டோஸ்டிரோன் கசிவால் மற்ற சகோதரிகளைவிடச் சற்று ஆண்தன்மையோடு வளரும். தீவனத்தைக் கூண்டுக்குக் கொடுத்தால் அலகு கூண்டு. ஹார்மோன் எண்கள் பெரும்பாலும் ஒரு பக்கமாக இழுத்துக் கிடக்கும். மடக்கை எடுத்துப் பகுப்பதே இயல்பு. அளப்பவருக்கும் எண்ணுபவருக்கும் எது எந்தக் குழு என்று தெரியக்கூடாது. எழுதும்போது விலங்கு ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும், 2020-இல் புதுப்பிக்கப்பட்ட அரைவ் நெறிமுறைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனவழி, கிளை, வயது, வெளிச்ச நேரம், தீவனம், கூண்டில் எத்தனை பேர், குலுக்கல் எப்படி என எல்லாம் அதில் கேட்டிருக்கும்.

கூட்டத்திலிருந்து விலகி ஓர் எண் எங்கோ போய் நிற்கும்; எப்போதும் நிற்கும். அதை நீக்கலாமா என்று குழுப் பட்டியலைத் திறக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். குறிப்பேட்டை எடுத்து அந்த விலங்கின் பக்கத்தைப் புரட்டுங்கள்: வாலில் கடித்த காயம் இருந்ததா, எடை குறைந்ததா, கூண்டுத் தண்ணீர்ப் புட்டி அடைத்திருந்ததா, ரத்தம் எடுக்க நான்காவது நிமிடம் ஆயிற்றா, குழாய் செந்நிறமா? காரணம் எழுதப்பட்டிருந்தால் நீக்கி, நீக்கியதைக் கட்டுரையில் சொல்லுங்கள். ஒன்றும் எழுதப்படவில்லை என்றால் அந்த எண் அப்படியே இருக்கட்டும்.